வாயெரிச்சலுக்கு வைத்தியம்

1806-ஆம் ஆண்டு மே மாதம். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகைக்கு வாசகர் ஒருவரின் சந்தேகம் வந்து சேர்ந்தது. தேர்தலில் தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் குடிச்செலவைப் பட்டியல் போட்டு முந்தைய இதழில் கேலி செய்திருந்தார்கள். ரம், பிராந்தி எல்லாம் தெரிகிறது, அதில் 'காக்டெயில்' என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டிருந்தார் அவர். 'தி பேலன்ஸ் அண்ட் கொலம்பியன் ரெபாசிட்டரி' என்ற அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஹாரி கிராஸ்வெல், மே 13 இதழில் பதில் சொன்னார். ஏதாவதொரு வடிசாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். இந்த நான்கும் சேர்ந்தது காக்டெயில். இதை விழுங்கத் துணிந்தவன் வேறு எதையும் விழுங்குவான், ஆகவே எதிர்க்கட்சிக்காரர்களின் தேர்தல் வேலைக்கு மிகவும் உகந்தது என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டார்.

'ஏதாவதொரு வடிசாராயம்' என்ற இடத்தில் அமெரிக்க விஸ்கியைப் போட்டால், இன்று உலகெங்கும் பார்களில் ஓல்டு ஃபேஷண்ட் என்ற பெயரில் கேட்டு வாங்கப்படும் பானம் வந்துவிடுகிறது. சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் இன்றைய செய்முறை 45 மில்லி போர்பன் அல்லது ரை விஸ்கி, ஒரு சர்க்கரைக் கட்டி, சில சொட்டு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ், சில சொட்டு தண்ணீர் என்கிறது. இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அதே நான்கு. சமையல் வரலாற்றில் இத்தனை காலம் அடிப்படை மாறாமல் நின்ற செய்முறைகள் அதிகமில்லை. இதைப் பழமையின் மீதுள்ள பற்று என்று விளக்கிவிடலாம்தான். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. இந்தப் பானம் ஒரு வேதியியல் சிக்கலுக்கான விடை, அதுவும் ஏறக்குறைய மிகச் சிறிய விடை. சிக்கலின் பெயர் எத்தனால்.

நாற்பது சதவீதத்துக்கு மேல் எத்தனால் உள்ள எந்தத் திரவத்தை வாயில் ஊற்றினாலும் முதலில் தெரிவது ருசியல்ல, எரிச்சல். இந்த எரிச்சலை உணர்த்துவது சுவை மொட்டுகள் அல்ல. வலியையும் சூட்டையும் மூளைக்குச் சொல்லும் நரம்புமுனைகள். அவற்றில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் வாயில்போல் அமைந்திருக்கிறது. மிளகாயிலுள்ள கேப்சைசின் பட்டால் திறந்துகொள்வது இதுதான். இதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு பட்டால் இந்த வாயில் திறக்கும். எத்தனால் கூட இருந்தால் திறக்கும் வெப்பநிலை சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாயின் இயல்பான வெப்பமே அதைவிட அதிகம். அதாவது, விஸ்கி குடிக்கும்போது 'சுடுகிறது' என்று சொல்பவர் உவமையாகச் சொல்லவில்லை. அவருடைய சொந்த உடல் சூடே அவரைச் சுடுகிறது.

இரண்டாவது தொல்லை மூக்கில். ருசி என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு மணம்தான். விஸ்கியின் மணப்பொருள்களில் பல தண்ணீரைவிட எத்தனாலிலேயே நன்றாகக் கரைபவை. அதனால் எத்தனால் மிகுந்திருக்கும்போது அவை திரவத்தை விட்டு வெளியே வரத் தயங்கும். வருபவற்றையும் எத்தனாலின் ஆவி மூக்கை மரக்க வைத்து மறைத்துவிடும். சரி, எத்தனாலை எடுத்துவிடலாமே என்றால் முடியாது. விஸ்கி ஊறிய பீப்பாயின் மரத்திலிருந்து அந்த மணங்களைக் கறந்து கொண்டுவந்ததே அதுதான். வெளியேற்றவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. அடக்கித்தான் வைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் சர்க்கரையும் கசப்பும் தண்ணீரும் பங்கிட்டுக்கொள்கின்றன.

சர்க்கரையின் பங்கு எளிது. இனிப்பு, கசப்பை அமுக்கும். இது நாக்கில் நடக்கிறதா மூளையில் நடக்கிறதா என்று பார்க்க, நாக்கின் ஒரு பாதியில் கசப்பையும் மறுபாதியில் சர்க்கரையையும் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபோதும் கசப்பு குறைந்தது. பஞ்சாயத்து பெரும்பாலும் மூளையில்தான் நடக்கிறது. பார்டெண்டருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: சர்க்கரை தண்ணீரில் தாராளமாகக் கரையும், எத்தனாலில் கரைய மறுக்கும். ஆகவே சர்க்கரைக் கட்டியை நேரே விஸ்கியில் போட்டுக் கலக்கினால் அது மணலாக அடியில் தங்கிவிடும். முதலில் பிட்டர்ஸும் சில சொட்டுத் தண்ணீரும் விட்டு நசுக்கிக் கரைத்துவிட்டுப் பிறகே விஸ்கியை ஊற்ற வேண்டும் என்ற பழைய வரிசை சடங்கல்ல. இப்போது பெரும்பாலான பார்களில் சர்க்கரைப் பாகை ஊற்றி இந்த வேலையைத் தவிர்த்துவிடுகிறார்கள். தவறில்லை.

பிட்டர்ஸின் கதைதான் நீளமானது. அது சமையலறையிலிருந்து வரவில்லை, மருந்துப் பெட்டியிலிருந்து வந்தது. யோஹான் சீகெர்ட் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், சிமோன் பொலிவாரின் விடுதலைப் படையில் வேலை செய்ய 1820-இல் வெனிசுவேலா போனார். ஒரினோக்கோ ஆற்றங்கரையில் அங்கோஸ்டுரா என்ற ஊரிலிருந்த ராணுவ மருத்துவமனை அவர் பொறுப்பில் இருந்தது. வெப்பமண்டல வயிற்றுக் கோளாறுகளால் படை துவண்டுகொண்டிருந்தது. வேர்களையும் பட்டைகளையும் மசாலாப் பொருள்களையும் சாராயத்தில் ஊறவைத்து அவர் 1824-இல் ஒரு கசப்புச் சாறு தயாரித்தார். ஆற்றுத் துறைமுகத்துக்கு வந்துபோன மாலுமிகள் வழியாக அது கடல் கடந்தது. ஊர் பின்னால் சியுதாத் பொலிவார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வெனிசுவேலாவின் அரசியல் கொந்தளிப்பு தாங்காமல் சீகெர்ட்டின் பிள்ளைகள் 1870-களில் தொழிலை டிரினிடாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பழைய ஊர்ப்பெயர் புட்டியில் மட்டும் நிலைத்துவிட்டது. புட்டியின் தோளைத் தாண்டும் பெரிய லேபிளோடு இன்றும் அது போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து உலகமெங்கும் போகிறது. அதுவே 44.7 சதவீதம் எத்தனால் என்பதும், கிளாஸில் விழுவது சில சொட்டுதான் என்பதால் அது யாருக்கும் உறைப்பதில்லை என்பதும் வேடிக்கை.

இந்தக் கசப்புக்கு முதுகெலும்பு ஜென்ஷியன் என்ற ஐரோப்பிய மலைச்செடியின் வேர். மஞ்சள் பூ பூக்கும். அதிலுள்ள அமரோஜென்டின் என்ற பொருள், இயற்கையில் மனிதன் கண்ட கசப்புகளில் உச்சத்தில் இருப்பது. ஒரு பங்கை 5.8 கோடி பங்கு நீரில் கலந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். நம் நாக்கில் கசப்புக்கென்று ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இனிப்புக்கு ஒன்றே ஒன்று போதும் என்று விட்ட பரிணாமம் கசப்புக்கு மட்டும் இத்தனை காவலாளிகளை நிறுத்தியதற்குக் காரணம் உண்டு: செடிகளின் நஞ்சுகள் பலவும் கசக்கும், ஆனால் ஒவ்வொன்றின் வடிவமும் வேறு.

அந்த 25-இல் டிஏஎஸ்2ஆர்50 என்றொரு ஏற்பி, எதைக் கொடுத்தாலும் அசையாமல் வெகுகாலம் ஆராய்ச்சியாளர்களுக்குப் பிடிகொடுக்காமல் இருந்தது. 2009-இல் அதைத் திறக்கும் இரண்டு இயற்கைப் பொருள்களைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். ஒன்று அமரோஜென்டின். இன்னொன்று ஆண்ட்ரோகிராஃபோலைட். பின்னது எதில் இருக்கிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பெயர் தெரியாவிட்டாலும் ருசி தெரியும்: நிலவேம்பு. டெங்கு காலத்தில் அரசு மருத்துவமனை வாசலிலும் தெருமுனையிலும் வரிசையில் நின்று முகத்தைச் சுளித்துக் குடித்த கஷாயமும், மன்ஹாட்டன் பாரில் விஸ்கிக்குள் சொட்டும் துளியும் நாக்கில் ஒரே கதவைத் தட்டுகின்றன. கஷாயம் குடிப்பவர் வாயில் பனைவெல்லத்தைப் போட்டுக்கொள்வதற்கும் சர்க்கரைக் கட்டியின் மேல் பிட்டர்ஸைச் சொட்டுவதற்கும் பின்னாலிருப்பதும் ஒரே மூளை வேலைதான்.

ஆனால் மருந்தில் கசப்பைச் சகித்துக்கொள்கிறோம். இங்கே ஏன் விரும்புகிறார்கள்? இனிப்பும் எரிச்சலும் மட்டும் உள்ள பானம் தட்டையாக இருக்கும், சீக்கிரம் திகட்டும். கசப்பு நாவில் தாமதமாக எழுந்து தாமதமாக அடங்குவது. விழுங்கிய பிறகும் அது நிற்பதால், இனிப்பு மறைந்த இடத்தில் வாய் வெறுமையாகாமல் இருக்கிறது. பிட்டர்ஸில் உள்ள கிராம்பு, லவங்கப்பட்டை போன்ற மணங்கள் விஸ்கி ஏற்கெனவே மரத்திலிருந்து பெற்ற மணங்களோடு உறவு கொண்டாடவும் செய்கின்றன. மரத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன், அதற்குமுன் தண்ணீர்.

காக்டெயிலுக்கு இலக்கணம் எழுதப்பட்ட அதே 1806-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் மார்டினிக் தீவுக்குக் கிளம்பியது. சரக்கு, மாசசூசெட்ஸ் குளங்களில் உறைந்து கிடந்த பனிக்கட்டி. அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர் என்ற இளைஞர். ஊரே சிரித்தது. முதலில் நஷ்டப்பட்டார், கடன்பட்டுச் சிறைக்கும் போனார். பிறகு மரத்தூளில் பொதிந்து பனிக்கட்டியை உருகாமல் காக்கும் வித்தை கைவந்தது. 1833-இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது. மதராஸ் கடற்கரையில் அவருக்காக 1842-இல் கட்டப்பட்ட கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஹென்றி டேவிட் தோரோ தன் 'வால்டன்' நூலில் குளத்துப் பனியை வெட்டி ஏற்றுவதைப் பற்றி எழுதும்போது, அந்த நீரைக் குடிக்கப்போகிறவர்கள் பட்டியலில் மதராஸையும் சேர்த்திருக்கிறார். டியூடரின் வியாபாரம் அமெரிக்காவுக்குள்தான் பெரிய மாற்றத்தைச் செய்தது. வெயில்காலத்திலும் சாமானியன் கைக்கு ஐஸ் எட்டியது. கிராஸ்வெல் சொன்ன 'தண்ணீர்' என்பது சில பத்தாண்டுகளில் மெல்ல மெல்லப் பனிக்கட்டியாகிவிட்டது. காக்டெயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

ஐஸ் குளிர்ச்சியானது, அதனால் பானத்தைக் குளிர்விக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு கதை. உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ், பூஜ்ய டிகிரிக்கு வரும்வரை உறிஞ்சும் வெப்பம் சுமார் 38 ஜூல். பூஜ்ய டிகிரியில் அது உருகித் தண்ணீராக உறிஞ்சுவது 334 ஜூல். குளிர்ச்சியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உருகுவதால் வருகிறது. தண்ணீர் சேராமல் குளிர்விக்கலாம் என்று விற்கப்படும் 'விஸ்கிக் கற்கள்' ஏன் பேருக்குத்தான் குளிர்விக்கின்றன என்பதற்கும் இதுவே பதில்: கல் உருகாது.

அறை வெப்பத்தில், 25 டிகிரியில், 60 மில்லி விஸ்கி இருக்கிறது. அதைப் பூஜ்ய டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 5,600 ஜூல் வெளியேற வேண்டும். அதற்கு 17 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். பூஜ்யத்தோடு நிற்பதும் இல்லை. எத்தனால் கலந்த நீரின் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே என்பதால், ஐஸ் தொடர்ந்து உருகிக்கொண்டே பானத்தை மைனஸ் சில டிகிரிகளுக்கு இழுத்துச் செல்லும். கிளறி முடிக்கும்போது ஏறக்குறைய 20 மில்லி தண்ணீர் சேர்ந்திருக்கும். 45 சதவீதமாக இருந்த விஸ்கி, பாகும் நீரும் சேர்ந்து 32 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கும். குளிர்ச்சியையும் நீர்ப்பையும் பிரிக்க முடியாது. எவ்வளவு குளிர்ந்ததோ அவ்வளவு நீர்த்திருக்கும். பார்டெண்டர் கரண்டியை எத்தனை சுற்றுச் சுற்றுகிறார் என்பது அலங்காரமல்ல, அளவு.

எரிச்சல் இங்கேதான் அடங்குகிறது, இரண்டு வழிகளில். எத்தனாலின் செறிவு குறைகிறது. குளிர்ந்த திரவம் வாயின் வெப்பத்தையும் தாழ்த்துவதால், முன்னே சொன்ன 34 டிகிரி வாயில் சாத்திக்கொள்கிறது. நீர்ப்பு மணத்துக்கும் உதவுகிறது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் 2017-இல் கணினி மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். குவயக்கால் என்ற புகைமணப் பொருளின் மூலக்கூறு, எத்தனால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது எத்தனால் மூலக்கூறுகளால் சூழப்பட்டுத் திரவத்துக்குள் அமிழ்ந்து கிடந்தது. 45 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் மேற்பரப்புக்கு ஏறிக் காற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு மூலக்கூறை வைத்துச் செய்த கணக்கு இது. எல்லா மணத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நீட்டக்கூடாது. ஸ்காட்ச்சில் மிகுந்தும் போர்பனில் குறைந்தும் இருக்கிற பொருளும்கூட. என்றாலும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் விஸ்கி 'திறக்கும்' என்ற பழைய குடிகாரர் நம்பிக்கைக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. எல்லை எது? 2023-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல விஸ்கிகளை நீர்க்க நீர்க்க முகர்ந்து பார்த்துச் செய்த ஆய்வு, தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் விஸ்கிகளின் தனித்தன்மை மங்கி ஒன்றுபோல மணக்கத் தொடங்குகின்றன என்றது. ஓல்டு ஃபேஷண்ட் கிளாஸுக்கு வரும்போது ஏறக்குறைய அந்த எல்லையில்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகு எல்லை மீறாமல் காப்பது கிளாஸிலுள்ள ஒற்றைப் பெரிய கட்டியின் வேலை. ஐந்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டிக்கு மேற்பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். அதையே எட்டாக வெட்டினால் எடை அதேதான், மேற்பரப்பு 300. மேற்பரப்பு குறைந்தால் உருகும் வேகமும் குறைவு. கண்ணாடிபோல் தெளிந்த கட்டிகள் இப்போது பார்களில் நாகரிகம். வீட்டு ஐஸ் நடுவில் வெளுத்திருப்பதற்குக் காரணம், எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் உறையும்போது கரைந்திருந்த காற்று வெளியேற வழியின்றி மையத்தில் மாட்டிக்கொள்வது. மேலிருந்து கீழாக மட்டும் உறையும்படி பக்கங்களை வெப்பம் கடத்தாத பெட்டியால் மூடிவிட்டால் தெளிந்த ஐஸ் கிடைக்கும் என்று சான் ஃபிரான்சிஸ்கோ எழுத்தாளர் கேம்பர் இங்லிஷ் 2009-இல் வீட்டிலேயே செய்து காட்டினார். டியூடரின் குளங்கள் அப்படித்தான் உறைந்தன: மேலே குளிர்காற்று, கீழே ஆழ்நீர்.

இந்த அடக்குமுறைகள் எல்லாம் எதற்காக? உள்ளே கேட்கத்தகுந்த ஒன்று இருப்பதால்தான். அதைச் செய்தது மரம். காய்ச்சி இறக்கிய புது விஸ்கி நிறமற்றது. மக்காச்சோளமும் ஈஸ்ட்டும் மணக்கும் முரட்டுத் திரவம். போர்பன் என்று பெயர் சூட்ட, தானியக் கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். 62.5 சதவீதத்துக்கு மேற்படாத எத்தனால் அளவில், உள்ளே கரியாக்கிய புது ஓக் கலத்தில் ஊற வேண்டும். 'புது' என்பதுதான் அமெரிக்க விஸ்கியின் உயிர். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும் மெக்சிகோவுக்கும் போய்விடுகின்றன, முதல் சாறு போர்பன் காய்ச்சும் கென்டக்கிக்கே.

அமெரிக்க வெள்ளை ஓக்கின் நீர்க்குழாய்களை டைலோஸ் என்ற வளர்ச்சிகள் அடைத்துக்கொள்வதால் அதில் செய்த பீப்பாய் ஒழுகாது. அதன் உட்புறத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தீயில் காட்டுகிறார்கள். மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் பிறக்கிறது; ஐஸ்கிரீமில் நாம் அறிந்த அதே வெனிலா மணம். ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரைகளாகச் சிதைந்து காய்ச்சிய பாகின் மணத்தையும் நிறத்தையும் கொடுக்கிறது. கிராம்பின் யூஜெனால் எட்டிப் பார்க்கிறது. ஓக் லாக்டோன் என்ற பொருளின் மணம் தேங்காய் மணம். ஒரு மரத்தில் தென்னையின் வாசம் எப்படி வந்தது என்று வியக்க வேண்டாம், மூக்குக்கு மூலக்கூறின் வடிவம்தான் தெரியும், ஊர் தெரியாது. மேலே படிந்த கரி, கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கென்டக்கியின் கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும், குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வரும். இப்படி நான்கு, ஆறு, எட்டு வருடம் மூச்சு விடுவதில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ நான்கு சதவீதம் ஆவியாகிப் போய்விடுகிறது. 'தேவதைகளின் பங்கு' என்று அதற்குப் பெயர். அந்த ஆவியைத் தின்று கிடங்குச் சுவர்களையும் பக்கத்து வீட்டுக் கூரைகளையும் கறுப்பாக்கும் ஒரு பூஞ்சையும் உண்டு: பாடோய்னியா. கிடங்குகளின் அண்டை வீட்டுக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் தேவதை நினைவு வருவதில்லை.

கடைசியாக, கிளாஸின் மேல் பிழியும் ஆரஞ்சுத் தோல். தோலை வளைத்துப் பிழிந்தால் எண்ணெய்ப் பைகள் வெடித்து நுண்ணிய தாரைகள் பாயும். மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் இதை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2018-இல் வெளியிட்டார்கள். தாரை ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது; முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஐயாயிரம் மடங்கு. எண்ணெயில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் லிமோனீன். பானத்தின் மேற்பரப்பில் மிதந்து, வாய் வைக்குமுன் மூக்கைத் தொடுகிறது.

ஓல்டு ஃபேஷண்ட், அதாவது 'பழையபாணி' என்ற பெயர் எப்படி ஒட்டியது என்றால், புதியபாணி தலைதூக்கியதால். ஜெர்ரி தாமஸ் 1862-இல் நியூயார்க்கில் வெளியிட்டதுதான் அமெரிக்காவின் முதல் பார்டெண்டர் கையேடு. அதில் விஸ்கி காக்டெயில் என்ற பெயரிலேயே இது இருக்கிறது. 1876 பதிப்பில் 'மேம்படுத்தப்பட்ட' காக்டெயில்கள் வந்துவிட்டன: சில சொட்டு மராஸ்கினோ, சில சொட்டு அப்சிந்த். சலித்துப்போன ஆட்கள் பழையமாதிரியே போடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1880-இல் 'சிகாகோ டிரிப்யூன்' அந்தச் சொல்லை அச்சிட்டிருக்கிறது. லூயிவில் நகரின் பென்டெனிஸ் கிளப்பில்தான் இந்தப் பானம் பிறந்தது, கர்னல் ஜேம்ஸ் பெப்பர் அதை நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலுக்குக் கொண்டுபோனார் என்று 1931-இல் வந்த ஒரு புத்தகம் சொன்னது. கிளப் தொடங்கியதே 1881-இல். தேதி இடித்தாலும் லூயிவில் விட்டுக்கொடுக்கவில்லை. 2015-இல் நகரத்தின் அதிகாரபூர்வ காக்டெயிலாக அறிவித்துக்கொண்டது. ஜார்ஜ் காப்லர் 1895-இல் எழுதிய செய்முறை இன்றைய பானத்துக்கு மிக நெருக்கமானது: சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு அங்கோஸ்டுரா, ஒரு துண்டு ஐஸ், எலுமிச்சைத் தோல், விஸ்கி; கரண்டியைக் கிளாஸிலேயே விட்டுக் கொடுக்க வேண்டும்.

இந்த நான்கு பொருள் சேர்க்கையின் திறமையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எரிச்சல் என்பது உடல் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கினால் எத்தனால் குறைந்துவிடுவதில்லை, எத்தனால் இருப்பது தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். 60 மில்லி போர்பனில் 21 கிராம் எத்தனால். அமெரிக்க அரசின் கணக்கில் ஒரு 'குடி' என்பது 14 கிராம். ஒரு கிளாஸ் என்று எண்ணுபவர் ஒன்றரை குடித்திருப்பார். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-இலேயே மதுபானங்களை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்துவிட்டது. மது மருந்தாகவே பிறந்தது என்ற விளம்பரக் கதையைக் கேட்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1920 ஜனவரியில் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. மருத்துவர் சீட்டோடு போனால் மருந்துக்கடையில் விஸ்கி கிடைத்தது, மற்றபடி கள்ளச்சரக்கு. போக்கர்ஸ் போன்ற பழைய பிட்டர்ஸ்கள் தொழிலைவிட்டே போயின. 1933 டிசம்பரில் விலக்கு நீங்கியபோது பார்டெண்டர்களின் ஒரு தலைமுறை காணாமல் போயிருந்தது. பீப்பாயில் ஊறிய விஸ்கியும் அதிகமில்லை, ஏனென்றால் எட்டு வருட விஸ்கிக்கு எட்டு வருடம் வேண்டும். இளம் விஸ்கியின் முரட்டுத்தனத்தை மறைக்க ஆரஞ்சுத் துண்டும் சாயமேற்றிய செர்ரியும் கிளாஸின் அடியில் நசுங்கின, மேலே சோடா ஊற்றப்பட்டது. கோல் போர்ட்டர் 1940-இல் தன் இசை நாடகத்தில் இந்தப் பானத்தைக் கேட்டு ஒரு பாட்டு எழுதினாரே, அது பெரும்பாலும் இந்தப் பழக்கூழ் காலத்துப் பானத்துக்காகத்தான் இருக்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய கையேடுகளைத் தேடிப் படித்த பார்டெண்டர்கள் பழத்தை வெளியேற்றினார்கள். 2007-இல் தொடங்கிய 'மேட் மென்' தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கையில் அந்தக் கிளாஸ் வந்து உட்கார்ந்ததும் வேலை சுலபமாகிவிட்டது.

விஸ்கான்சின் மாநிலம் மட்டும் மசியவில்லை. அங்கே ஓல்டு ஃபேஷண்ட் என்றால் விஸ்கியே கிடையாது, பிராந்தி. ஆரஞ்சு, செர்ரி, சர்க்கரை, பிட்டர்ஸ் எல்லாவற்றையும் நசுக்கி, மேலே எலுமிச்சை சோடா ஊற்றுவார்கள். கரிந்த புது ஓக்கின் வெனிலாவும் தேங்காயும் இதில் அவ்வளவாகக் கிடைக்காது. சோடாவால் எத்தனால் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதால் எரிச்சலும் கிடையாது; அதை அடக்க வேண்டிய தேவையும் இல்லை. இதுவரை சொன்ன எந்தக் கணக்கும் அந்தக் கிளாஸுக்கு வேண்டியதில்லை. மில்வாக்கியில் வெள்ளிக்கிழமை இரவு மீன் வறுவலுக்குப் பக்கத்தில் அதுதான் வருகிறது, அங்கே விஸ்கியில் வேண்டும் என்றால் நீங்கள்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.